வியாழக்கிழமை விருது

தமிழ்ச் சேனல்கள் நடத்தும் விருது விழாக்களில் ஒரு வேடிக்கை உண்டு. போட்டி போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே வீட்டுக்காரர்கள். 2010-இல் ஆரம்பித்த சன் குடும்பம் விருதுகள் சன் டிவி கலைஞர்களுக்கு. 2014-இல் வந்த விஜய் டெலிவிஷன் விருதுகள் விஜய் டிவிக்காரர்களுக்கு. 2018-இல் சேர்ந்துகொண்ட ஜீ தமிழ் குடும்பம் விருதுகளிலும் அதே கதைதான். சிறந்த ஜோடி, சிறந்த மாமியார், சிறந்த வில்லி என்று பட்டியல் நீளும். யார் ஜெயித்தாலும் கோப்பை வீட்டை விட்டு வெளியே போகாது.

இதைக் கேலி செய்யத் தேவையில்லை. உலகப் புகழ்பெற்ற எம்மி விருதும் இப்படி உள்ளூர்ச் சங்கதியாகத்தான் பிறந்தது. 1949 ஜனவரி 25 அன்று நடந்த முதல் விழாவில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் தயாரான நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே இடம். அன்று சிறந்த ஆளுமையாகத் தேர்வானவர் ஷெர்லி டின்ஸ்டேல் என்ற இளம்பெண். கையில் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் அதைப் பேசவைப்பது அவருடைய கலை.

எல்லாச் சேனலுக்கும் பொதுவாக நடுவர் வைத்துத் தேர்ந்தெடுப்பது தமிழ்நாடு அரசின் சின்னத்திரை விருதுகள். மரியாதையான விருது, ஆனால் வேகம் போதாது. 2009 முதல் 2013 வரைக்குமான விருதுகள் 2022 செப்டம்பர் 4 அன்று சென்னை கலைவாணர் அரங்கத்தில்தான் கொடுக்கப்பட்டன. 2009-இல் சீரியலில் குழந்தையாக வந்தவர்கள் அதற்குள் கல்லூரியில் சேர்ந்திருப்பார்கள்.

அப்படியானால் சேனல்களுக்கு இடையே உண்மையில் ஜெயிப்பது யார் என்று எப்படித் தெரிகிறது? அதற்கு மேடையும் இல்லை, சிவப்புக் கம்பளமும் இல்லை. சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும் வாரத்தின் கணக்கு, அடுத்து வரும் வியாழக்கிழமை வெளியாகும். டிஆர்பி என்று வீட்டில் எல்லாரும் சொல்கிற அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு சீரியலை இன்னொன்றோடு இணைத்து ‘மகா சங்கமம்’ வைப்பதா, ஒன்பது மணி ஸ்லாட்டிலிருந்து மதியத்துக்குத் தள்ளுவதா, ஒரேயடியாகச் சுபம் போட்டுவிடுவதா என்று முடிவாகிறது. அந்த எண்ணைத் தருவது டிவிக்குப் பக்கத்தில் உட்காரும் ஒரு சின்னப் பெட்டி.

பெட்டியின் பரம்பரை பழையது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இரண்டு பேராசிரியர்கள் உருவாக்கிய ஒரு கருவியின் உரிமையை ஆர்தர் நீல்சன் 1936-இல் வாங்கினார். வானொலியில் எந்த நிலையம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அது தானே குறித்துக்கொள்ளும். 1950-இல் அது தொலைக்காட்சிக்கு வந்தது. இந்தியாவில் முதலில் வீடுகளில் டைரி கொடுத்து, பார்த்ததை எழுதச் சொன்னார்கள். மனிதர்கள் பார்த்ததை எழுதுவதைவிடப் பார்த்திருக்க வேண்டியதை எழுதுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பிறகு மீட்டர் வந்தது. 2015 ஏப்ரல் முதல் இந்த வேலை பார்க் இந்தியா என்ற அமைப்பிடம் இருக்கிறது. சேனல்கள், விளம்பரதாரர்கள், விளம்பர நிறுவனங்கள் மூவரும் சேர்ந்து அமைத்தது அது. அதன் பெட்டிக்குப் பெயர் பார்-ஓ-மீட்டர்.

எந்தச் சேனல் ஓடுகிறது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? அது படத்தைப் பார்ப்பதில்லை, காது கொடுத்துக் கேட்கிறது. ஒவ்வொரு சேனலும் தன் ஒளிபரப்பைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் முன்பே ஒலிக்குள் ஒரு ரகசிய முத்திரையைக் கலந்துவிடுகிறது. சேனலின் அடையாளமும் நேரமும் அதில் இருக்கும். நம் காதுக்கு அது எட்டாது. கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் கொட்டினால் பக்கத்தில் ஒருவர் தும்முவதுகூடக் கேட்காதல்லவா, அதே தத்துவம்தான். பலமான ஒலி ஒலிக்கும்போது அதற்கு நெருங்கிய அதிர்வெண்ணில் வரும் மெல்லிய ஒலியை மனிதக் காது தவறவிட்டுவிடும். கதாநாயகி கதறி அழும் ஒலியின் நிழலிலேயே முத்திரை ஒளிந்துகொண்டு வருகிறது. பெட்டி அதைப் பிரித்தெடுத்து, கைபேசி வலை வழியாக அனுப்பிவிடும். நேரமும் பதிவாகியிருப்பதால், பதிவுசெய்து மறுநாள் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். முத்திரை இல்லாத சேனல் எவ்வளவு நேரம் ஓடினாலும் கணக்கில் வராது.

டிவி ஓடுவது தெரிந்துவிட்டது. எதிரே யார் இருக்கிறார்கள்? இங்கேதான் மனிதர்கள் ஒத்துழைக்க வேண்டும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித் தனிப் பட்டன் உள்ள ரிமோட் ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். உட்காரும்போது அவரவர் பட்டனை அழுத்த வேண்டும், எழுந்தால் மறுபடி அழுத்த வேண்டும். விருந்தாளி வந்தால் அவருக்கும் உண்டு.

கூடுவாஞ்சேரி நந்திவரத்தில் நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரவு அரைமணி நேர சீரியல். பாட்டி முழு முப்பது நிமிடமும் அசையவில்லை. அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு வந்து வந்து பார்த்ததில் இருபது நிமிடம். மகள் பத்து நிமிடம். அப்பா ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் இருக்கிறார், பூஜ்யம். மொத்தம் அறுபது நிமிடம். நால்வரும் முழுதாகப் பார்த்திருந்தால் நூற்றிருபது. ஆக அந்த வீட்டில் ரேட்டிங் 50 சதவீதம். எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் தங்கினார்கள் என்பதற்கே மதிப்பு என்பதால்தான், ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்னும் யாராவது ஒருவர் கதவைத் திறந்து அதிர்ச்சியில் உறைந்து நிற்கிறார்.

அப்படி ஒரு பெட்டி கூடுவாஞ்சேரியில் இருக்கிறதா? இருந்தாலும் சொல்ல மாட்டார்கள். நாட்டில் டிவி உள்ள வீடுகள் சுமார் 23 கோடி. பெட்டி உள்ளவை ஏறக்குறைய 58,000. ஒரு வீட்டின் ரிமோட் கிட்டத்தட்ட நாலாயிரம் வீடுகளுக்காகப் பேசுகிறது. வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில், குடும்பத்தின் முக்கிய சம்பாத்தியக்காரர் எவ்வளவு படித்தவர் என்பதும், மின்விசிறி, கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், இருசக்கர வண்டி, ஏ.சி. என்று பதினொரு பொருள்களில் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்பதும் பார்க்கப்படும். விதிப்படி ஆண்டுக்கு நான்கில் ஒரு பங்கு வீடுகளை மாற்ற வேண்டும், முகவரி வெளியே கசியக் கூடாது. கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 அக்டோபர் சாட்சி. சில வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓடவிட்டார்கள் என்று மும்பை போலீஸ் வழக்குப் போட்டது. செய்திச் சேனல்களின் ரேட்டிங் நிறுத்திவைக்கப்பட்டு, 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது.

பெட்டிக்குத் தெரியாத விஷயமும் ஒன்று உண்டு. 2023-இல் ‘எதிர்நீச்சல்’ சீரியல் தமிழ் ரேட்டிங் பட்டியலில் வாரக்கணக்கில் முன்வரிசையில் நின்றது. அதில் மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரனை ரசித்துப் பார்த்தவர்களும் உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திட்டித் தீர்த்தவர்களும் உண்டு. பட்டனுக்கு இரண்டும் ஒன்று. அந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘சிறந்த வில்லன்’ என்று ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டுக் கோப்பை கொடுத்தால்தான் முடியும். சேனல் விருதுகளுக்கு அந்த வகையில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த விழாவையே பகுதி பகுதியாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பி, அதற்கும் டிஆர்பி வாங்குவது வேறு கதை.

தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி பிடித்து, வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டி கூடுவாஞ்சேரி வருவதற்குள் அன்றைய எபிசோடை ஜியோஹாட்ஸ்டாரிலோ சன் நெக்ஸ்டிலோ பார்த்து முடிக்கும் பெண்கள் இப்போது ஏராளம். காதில் ஹெட்போன், கையில் போன், வீட்டில் டிவி அணைந்திருக்கிறது. வியாழக்கிழமைப் பட்டியலில் இவர்களுக்கு இடமில்லை, ஏனென்றால் பார்-ஓ-மீட்டர் வீட்டு டிவியோடு கட்டப்பட்டது. தங்களுக்குப் பிடித்த மருமகளுக்காக இவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: சேனல் விருது அறிவிக்கும்போது அதே போனில் ஓட்டுப் போடுவது.