பெட்டியற்ற ஸ்டார்ட்டரும் பம்புசெட்டின் எர்த்துக் குறைகளும்

வெள்ளாற்று அணைக்கட்டையும் வீராணம் ஏரியையும் அடுத்துள்ள சேத்தியாத்தோப்புப் பகுதியில், நெல்லுக்கும் கரும்புக்கும் வாய்க்கால் நீர் போதாத காலங்களில் மின்சாரப் பம்புசெட்டே துணையாக இருந்து வருகின்றது. அவ்வியந்திரத்தைப் பற்றிக் குடியானவர்கள் செய்யும் முறையீடு பெரும்பாலும் இரண்டே. மோட்டார் ஓடவில்லை என்பது ஒன்று. தொட்டால் ஷாக் அடிக்கின்றது என்பது மற்றொன்று. முன்னதற்கு உடனே ஆள் அனுப்புகிறார்கள். பின்னதற்கு ரப்பர்ச் செருப்பு அணிந்து காலங்கழிக்கிறார்கள். பயிர் ஒரு நாள் நீரின்றித் தாங்கும். ஆகையால் இரண்டாவதையே முதலில் விவரிப்போம்.

எலியும் பல்லியும் புகுந்து கெடுத்த ஸ்டார்ட்டரை அதன் இரும்புப் பெட்டியினின்று கழற்றி ஒரு பலகையில் திருகி வைத்திருப்பது மோட்டார் கொட்டகைகளில் சாதாரணமாகக் காணும் காட்சி. கைப்பேசியால் மோட்டாரை ஓட்டும் புதுச் சாதனங்களையும் சிலர் இவ்வாறே மூடியின்றி மாட்டிவிடுகிறார்கள். பெட்டியானது தூசியைத் தடுப்பதற்கு மட்டுமே ஏற்பட்டதென்று எண்ணுவது தவறு. மோட்டாரின் உடலிலிருந்து வரும் எர்த்துக் கம்பியும், குழியிலிருந்து வரும் கம்பியும் அநேக இடங்களில் அப்பெட்டியின் திருகிலேயே சந்திக்கின்றன. பெட்டி போனால் சந்திப்பும் போயிற்று. இரு கம்பிகளும் சுவரில் தனித்தனியே தொங்கிக்கொண்டிருக்க, மோட்டார் எப்போதும்போல் ஓடும். எர்த்து அறுந்ததை யந்திரம் தானாக அறிவிப்பதில்லை. புதுப்பெட்டி வாங்கும்வரை அவ்விரு கம்பிகளையும் ஒரே போல்ட்டில் சேர்த்து இறுக்கி வைத்தல் அவசியம். நிலையான மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த்து இணைப்புகள் வேண்டுமென்று 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே கூறப்பட்டது. பின்வந்த ஒழுங்குமுறைகளும் அதைக் கைவிடவில்லை.

எர்த்துக் குழி இருப்பதனாலேயே அபாயம் நீங்கியதென்று கொள்ளலாகாது. ஐந்து குதிரைசக்தி மோட்டாருக்கு 15 ஆம்பியர் பியூஸ் போட்டிருப்பதாகவும், குழியின் தடை 25 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த்தின் தடை 2 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பேஸ் மோட்டாரின் உடலைத் தொட்டுவிட்டால், 230 வோல்ட் அழுத்தத்தில் ஏறக்குறைய எட்டரை ஆம்பியரே மண்ணில் ஓடும். பியூஸ் போகாது, மோட்டாரின் உடலிலோ 210 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். குழியை நன்கு செய்து 5 ஓமாகக் குறைத்தாலும் 160 வோல்ட் நிற்கும். ஆயினும் அப்போது 33 ஆம்பியர் அளவு ஓடுவதால் பியூஸ் உருகுவதற்கு இடமுண்டு. பியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருப்பின் அதுவும் இல்லை.

ஆகவே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்னும் ஸ்விட்ச்சைப் பொருத்துதல் வேண்டும். தடை 500 ஓமாக உள்ள மோசமான குழியிலுங்கூட, மோட்டாரின் உடலில் 15 வோல்ட் ஏறுவதற்குள் அது விழுந்துவிடும். அடிக்கடி விழுகின்றதென்று அதைக் கழற்றி எறிவோரும் உண்டு. விழுவதன் காரணம் நனைந்த கேபிளோ, பழுதான சுருளோ ஆகும். பழி ஸ்விட்ச்சின்மேல் விழுகின்றது!

குழிக்கு 38 மில்லிமீட்டருக்குக் குறையாத உள்விட்டமும் இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள கால்வனைஸ் குழாய் தேவை. கரியும் உப்பும் இடுவது வழக்கம். உப்பு தடையைக் குறைக்கும், குழாயையும் அரிக்கும். களிமண் நிலம் கோடையில் வெடிப்பு விடும்போது குழாய்க்கும் மண்ணுக்கும் தொடர்பு குறையுமாதலால் அக்காலத்தில் நீர் ஊற்றி வரவேண்டும். தொட்டியின் கசிநீர் எட்டும் இடமாயும், ஆளும் மாடும் மிதியாத ஓரமாயும் பார்த்துக் குழியை வெட்டுதல் நலம்.

இன்னொரு கெட்ட வழக்கமும் உண்டு. கொட்டகை விளக்குக்கு ஒரு பேஸையும், நியூட்ரலுக்குப் பதிலாக எர்த்துக் கம்பியையும் சேர்த்துவிடுகிறார்கள். மோட்டாரும் அதே கம்பியில் இருக்குமாயின், குழிப்பக்கம் கம்பி அறுந்த அன்று விளக்கு அணையும். பேஸானது பல்பின் இழை வழியாக மோட்டாரின் உடலுக்கு வந்து நிற்கும். அணைந்த விளக்கைப் பார்க்க வருபவர் இருட்டில் கைவைப்பது அம்மோட்டாரின்மேல்தான்.

மோட்டார் ஓடாமைக்கு வருவோம். ஒயர்மேனைக் கொண்டு மூன்று பேஸ்களுக்கிடையே உள்ள வோல்ட்டை, ஓட்டுமுன் ஒருமுறையும் ஓடும்போது ஒருமுறையும் அளக்கச் செய்க. மூன்றும் ஒருசேரக் குறைந்தால் லைனிலோ டிரான்ஸ்பார்மரிலோ சுமை மிகுதி; மின்வாரியத்தாரிடம் எழுதிக் கொடுக்கவேண்டும். ஸ்டார்ட்டருக்கு முன்னால் மூன்றும் சரியாயிருந்து, பின்னால் ஒன்று மட்டும் விழுந்தால் ஸ்டார்ட்டரின் முனை கரிந்திருக்கும். ஒரு பேஸ் அறவே இல்லாதபோது கண்டென்சர் வைத்து ஓட்டுவதால் சுருள் சூடேறி அதன் காப்பு கெடுகின்றது. ஷாக் அடிக்கும் மோட்டார்களிற் பல இவ்வாறு கெட்டவையே. மெக்கரால் சோதித்து, காப்பு ஒரு மெக் ஓமுக்குக் கீழாயின் அம்மோட்டாரை ஓட்டாது ரீவைண்டிங்குக்கு அனுப்புக.