ஆயில் அளவு கூடினால் ஆபத்து

எஞ்சின் ஆயில் நாளடைவில் குறைவது இயல்பு, கூடினால்? டீசல் எஸ்.யூ.வி. உரிமையாளர்கள் சிலர் கூறும் குறை இதுவே. உடன் எச்சரிக்கை விளக்கும் எரியும், இழுவையும் குறையும்.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறையிலுள்ள பி.எஸ். 6 விதிகளுக்காக டீசல் வண்டிகளின் புகைப்பாதையில் கரித்துகள் வடிகட்டி பொருத்தப்படுகிறது. தேங்கும் கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. பல வண்டிகளில் அதற்கெனச் சிலிண்டருக்குள் கூடுதல் டீசல் பீய்ச்சப்படுகிறது. டெல்லி புசா ரோட்டில் மெட்ரோ தூண்களையொட்டி ஊர்ந்து, பட்டேல் நகரை அடைந்ததும் எஞ்சினை அணைத்தால் அவ்வெரிப்பு பாதியில் நின்றுவிடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். நீர்த்த ஆயிலால் பேரிங்குகளும் டர்போவும் தேயும்.

விளக்கு எரிந்ததும், கையேட்டில் கூறியபடி நெடுஞ்சாலையில் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். ஆயில் கூடியிருப்பின் உடனே மாற்றுக. வடிகட்டியையே கழற்றிவிடலாம் என்று சில மெக்கானிக்குகள் யோசனை சொல்வதுண்டு. அது விதிமீறல், உத்தரவாதமும் பறிபோகும்.

நாள்தோறும் சில கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுவோர், கார் கடனுக்கு விண்ணப்பிக்குமுன் அதே வண்டியின் பெட்ரோல் வகையையும் விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.