நாமினி, லீகல் ஹெயர்: இரண்டும் ஒன்றா?

வங்கிப் படிவங்களில் அடிக்கடி இடம்பெறும் ஆங்கிலச் சொற்கள் ‘நாமினி’, ‘லீகல் ஹெயர்’ என்பன. முன்னதை நியமனதாரர் என்றும், பின்னதைச் சட்டப்பூர்வ வாரிசு என்றும் தமிழில் வழங்குகிறோம். ஆயினும் நாமினியின் பெயரைப் பதிவு செய்வதையே ‘வாரிசு நியமனம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தச் சொற்குழப்பம் சில குடும்பங்களில் மனத்தாங்கலுக்கு வித்திடுகிறது.

‘நாமினி’ என்பது, பெயர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. வைப்புத்தொகையாளர் காலமானபின், அத்தொகையை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்வதற்காகப் பெயர் குறிக்கப்பட்டவரே நாமினி. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1949 இதற்கு வகை செய்கிறது. நாமினியிடம் பணத்தை ஒப்படைத்ததும் வங்கியின் பொறுப்பு நிறைவடைகிறது. ஆனால், அப்பணம் யாருக்கு உரியது என்பது வேறு வினா. அதற்கு விடையளிப்பது உயில். உயில் இல்லையெனில் வாரிசுரிமைச் சட்டம். 2010-இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் தாம் ஈட்டிய 10 லட்சம் ரூபாயை நிரந்தர வைப்பில் இட்டு, உடன் வசிக்கும் மூத்த மகனை நாமினியாகக் குறிக்கிறார். உயில் எழுதாமலே மறைகிறார். அவருக்கு மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் உள்ளனர். தாயார் முன்பே காலமாகிவிட்டார். வங்கி முழுத் தொகையையும் மூத்த மகனிடமே வழங்கும். ஆனால், இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி நால்வருக்கும் தலா 2.5 லட்சம் ரூபாய் சேர வேண்டும். மணமாகிச் சென்ற மகளுக்கும் இதில் சமபங்கு உண்டு. மூத்த மகன் ஏனைய மூவரின் 7.5 லட்சத்தைப் பெற்று ஒப்படைக்கக் கடமைப்பட்டவரே. ‘என் பெயர்தானே இருக்கிறது’ என அவர் கருதினால், குடும்பம் நீதிமன்றப் படியேற நேரிடும்.

அப்படியாயின் நாமினி தேவையில்லையா? கட்டாயம் தேவை. நாமினி இல்லாத கணக்கில், துயரத்திலிருக்கும் குடும்பத்தினர் வாரிசுச் சான்றிதழ் முதலிய ஆவணங்களுக்காக அலைய நேரிடலாம். 2025 நவம்பர் 1 முதல், ஒரு வைப்புக் கணக்கிற்கு நான்கு பேர் வரை நாமினிகளாக நியமிக்கலாம். ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு என்று பிரித்தும் குறிக்கலாம். ஒருவருக்குப்பின் மற்றொருவர் என வரிசைப்படுத்தியும் குறிக்கலாம்.

எனவே வாடிக்கையாளர்கள் இரண்டு பணிகளைத் தனித்தனியே செய்தல் நலம். ஒன்று, கணக்கில் நாமினியைப் பதிவு செய்வது. மற்றொன்று, தம் விருப்பத்தை உயிலாக எழுதி, இரு சாட்சிகளின் கையொப்பம் பெறுவது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டிலும் உள்ள பெயர்கள் ஒத்திருப்பின் குழப்பம் குறையும். வேறுபட்டிருப்பின், அதன் காரணத்தை இருக்கும்போதே குடும்பத்தாரிடம் எடுத்துரைத்துவிடுவது நல்லது.

பணத்தைப் பெறுபவர் நாமினி. அதற்கு உரியவர் வாரிசு. இருவரும் ஒருவராகவே இருக்கலாம். இருந்தாக வேண்டும் என்பதில்லை.