வனேடியமும் கமக்காரரும்

கீரிமலையில் தோட்டஞ் செய்யும் கமக்காரர் ஒருவர், தமது நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிக் கொண்டிருக்கையில், கையிலிருந்த ஸ்பனரை என்னிடம் நீட்டினார். "மாஸ்ரர், இதிலே குரோம் வனேடியம் என்று பொறித்திருக்கிறது. கடையிலே போத்தலில் விற்கும் நுண்மூலகக் கலவையிலும் வனேடியம் உண்டென்று சொல்லுகிறார்கள். இரும்பிலே கிடப்பது மிளகாய்க்கு எப்படிப் பசளையாகும்?" என்று வினவினார். நியாயமான வினா. அதற்குரிய விடையே இத்துண்டுப் பிரசுரம்.

வனேடியம் ஓர் உலோகம். 1801ஆம் ஆண்டில் மெக்சிக்கோ நாட்டு ஈயத்தாது ஒன்றில் தெல் ரியோ என்பவர் இதனைக் கண்டார். பின்னர் பிறர் சொற்கேட்டுத் தம் கண்டுபிடிப்பைத் தாமே கைவிட்டார். 1830இல் சுவீடன் தேசத்துச் செவ்ஸ்திரம் என்பவர் இரும்பில் இதனை மீண்டும் கண்டு, அந்நாட்டுப் பெண் தெய்வமொன்றின் பெயரைச் சூட்டினார். இதன் உப்புக்கரைசல்கள் மஞ்சள், நீலம், பச்சை, ஊதா என நிறம் மாறும் அழகே அப்பெயருக்குக் காரணம்.

இது தனித்துக் கிடைப்பது அரிது. பெரும்பாலும் தைத்தேனியங் கலந்த காந்த இரும்புத்தாதில் மறைந்திருக்கும். இந்தியாவில் சிங்பூம், மயூர்பஞ்சுப் பகுதிகளில் அத்தகைய தாது உண்டு. எடுக்கப்படும் வனேடியத்திற் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் உருக்கு ஆக்குவதற்கே செல்கின்றது. ஆயிரம் பங்கு உருக்கில் ஒன்றிரண்டு பங்கு சேர்ந்தாலே உருக்கின் மணிகள் நுண்மையாகி, ஆயுதம் வளையாமலும் முறியாமலும் உழைக்கும். ஸ்பனரின் கதை இவ்வளவே.

பசளையோடு இதற்குள்ள உறவு வேறுவகையானது. 1971இல் கண்டறியப்பட்ட எப்பாவலப் பொசுபேற்றுப் பாறையைக் கமக்காரர் பலர் கேள்விப்பட்டிருப்பர். அதிலுள்ள அபடைற்று என்னும் கனியம் நீரில் எளிதிற் கரையாது. தென்னை, தேயிலை போன்ற நீண்டகாலப் பயிர் அதற்குக் காத்திருக்கும். நான்கு மாத நெல்லும் மூன்று மாத வெங்காயமும் காத்திரா. ஆகவே பொசுபேற்றுப் பாறையைக் கந்தக அமிலத்தாற் பதப்படுத்திக் கரையக்கூடிய பொசுபேற்று ஆக்குகின்றனர். அக்கந்தக அமிலத்தை ஆக்குகையில், கந்தகத்தை எரித்த புகையை ஏறத்தாழ 450 பாகை வெப்பத்தில் வனேடியம் பெந்தொட்சைட்டின்மேற் செலுத்துவர். புகை மேலும் ஒட்சிசனை ஏற்கும். வனேடியமோ செலவாகாது அங்கேயே நிற்கும். பந்தியில் அமராது பரிமாறிவிட்டுப் போகிறவரைப் போன்றது அது. நாம் இடும் ரி.எஸ்.பி. பசளை பிறப்பதற்கு இது துணைநின்றதேயன்றி, அப்பசளையின் சத்து இதுவன்று.

மண்ணில் இதற்கு வேலையே இல்லையோ எனின், சிறிது உண்டு. காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்கும் அசற்றோபக்டர் முதலிய நுண்ணுயிர்களுக்கும், நெல்வயல் நீரில் வளரும் சில நீலப்பச்சைப் பாசிகளுக்கும் மொலிப்டினம் என்னும் மூலகம் வேண்டும். அது கிடையாதபோது அவற்றுட் சில வனேடியத்தைக்கொண்டு அவ்வேலையைச் செய்யும். போத்தல் விற்பவர் சொல்வது இந்த உண்மையின் ஒரு நுனியையே. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்கும்வரை பட்ட பாட்டை எவரும் மறந்திலர். பசளைக்கு மாற்று என்று எதைக் காட்டினாலும் கை நீளுவதில் வியப்பில்லை.

ஆனால் நமது நிலம் சுண்ணக்கல்லின்மேற் கிடப்பது. சுண்ணாம்பு மிக்க காரமண்ணில் மொலிப்டினம் எளிதிற் கரைந்து கிடைக்கும். அது உள்ளவிடத்தில் நுண்ணுயிர் வனேடியத்தை நாடுவதில்லை. நெல்லுக்கோ காய்கறிக்கோ வனேடியம் இன்றியமையாத சத்தென்று நிறுவப்படவுமில்லை. மிகுந்தால் தீங்கே உண்டு. வனேடேற்று அமைப்பிற் பொசுபேற்றை ஒத்தது. ஆதலால் வேர் ஆளறியாது அதனை உள்ளே விடும். பின்னர் வேர் குறுகும், இலை வெளிறும். இலை வெளிறக் கண்டவர் சத்துக்குறைவென எண்ணி இன்னொரு போத்தல் வாங்குவாராயின் நட்டம் இரட்டிக்கும்.

இன்னொன்றும் உண்டு. நமது பாறை துளையும் வெடிப்பும் நிறைந்தது. கீரிமலைக் கேணியில் ஊறும் நன்னீர், நம் தோட்டங்களிற் பெய்த மழை சுண்ணக்கல்லினூடே இறங்கிக் கடலோரத்தில் வெளிப்படுவதேயாம். அதே வழியாகவே மிகையாக இட்ட பசளையின் நைத்திரேற்று யாழ்ப்பாணக் கிணறுகளைச் சென்றடைந்தது. தேவையற்ற இன்னொரு பொருளை அவ்வழியே அனுப்புதல் வேண்டா.

நைதரசன் பிடிக்கும் உயிர்களைப் பெருக்க விரும்புவோர் மாட்டெருவும், சணல் விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழுதலும் கைக்கொள்ளலாம். நுண்மூலகக் கலவை வாங்க எண்ணுவோர், அதிலுள்ள மூலகங்கள் அச்சிடப்பட்ட சுட்டியை முதலில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. திறந்த போத்தலைக் கடைக்காரர் மீள எடுக்கமாட்டார்.