'பென்சில் கேக்டஸ்' கேக்டஸே இல்லை... உங்க டேபிளில் இருப்பது என்ன செடி?

ஆபீஸ் டேபிளில் ஒரு குட்டித் தொட்டி, பால்கனியில் நாலைந்து, பிறந்தநாளுக்கு வந்த கிஃப்ட் ஒன்று... சக்குலன்ட் செடிகள் இப்படித்தான் வீட்டுக்குள் சேர்கின்றன. பெரும்பாலும் பெயரே இல்லாமல்! லேபிளில் 'சக்குலன்ட்' அல்லது 'கேக்டஸ்' என்று மட்டும் இருக்கும். சக்குலன்ட் என்பது இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேமித்துவைக்கும் செடிகள் எல்லாவற்றுக்குமான பொதுப்பெயர். சோற்றுக்கற்றாழையும் சக்குலன்ட்தான், துவையல் அரைக்கும் பிரண்டையும் சக்குலன்ட்தான்.

பேர் தெரியாட்டி என்ன, அழகா இருந்தா போதாதா? போதாது. முக்கியக் காரணம், பால்.

பாட்டி ஊர் வேலிதான் இது!

நர்சரிகளில் 'பென்சில் கேக்டஸ்' என்று விற்பார்கள். இலையே இல்லாததுபோல பச்சைக் குச்சிகளாக நிற்கும். ஊரில் பெரியவர்களிடம் காட்டினால், "இதையா காசு கொடுத்து வாங்கினே?" என்பார்கள். அது திருகுகள்ளி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, நெடுங்காலமாக நம் கிராமங்களில் வேலியாக நிற்கும் செடி. அதன் தாவரவியல் பெயரே 'யூஃபோர்பியா திருக்கள்ளி'! மலபார் மக்கள் சொன்ன பெயர், 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலில் பதிவானது. 1753-ல் லின்னேயஸ் அதையே அறிவியல் பெயராக்கிவிட்டார். உலகமே 'திருக்கள்ளி'ன்னு எழுதுது, நாம பென்சில் கேக்டஸ்னு சொல்றோம்.

குழப்பத்துக்கு நம்ம மொழியும் ஒரு காரணம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அசல் கேக்டஸ். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் யூஃபோர்பியா. இரண்டு குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் தமிழில் எல்லாமே 'கள்ளி'தான்.

யூஃபோர்பியாவின் தண்டை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். கள்ளிப்பால் என்றதுமே தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலை ஞாபகத்துக்கு வரும். அந்தச் சொல்லின் கனம் அப்படி. 'ஆப்பிரிக்கன் மில்க் ட்ரீ' என்று டேபிள் அலங்காரத்துக்கு விற்கப்படும் மூன்று பட்டைச் செடியும், பால்கனிகளில் சிவப்பாகப் பூக்கும் யூஃபோர்பியா மிலியும் இதே இனம்தான். இந்தப் பால் தோலில் பட்டால் எரிச்சல், கொப்புளம். கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும், தற்காலிகமாகப் பார்வை மங்கவும் செய்யும். தண்டு வெட்டிப் பதியன் போட்ட கையோடு கண்ணைக் கசக்குவது, கான்டாக்ட் லென்ஸைக் கழற்றுவது... ஆபத்து இப்படித்தான் வருகிறது. பட்டுவிட்டால், லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டு, சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கண்ணைக் கழுவ வேண்டும். உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். வலி சில மணி நேரம் கழித்துக் கூடலாம் என்பதால், 'சரியாயிடும்' என்று தூங்கப் போகக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முள்ளின் அடியைப் பாருங்கள். கேக்டஸ் என்றால் முட்கள் பஞ்சு போன்ற ஒரு சின்னத் திட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். ஏரியோல் எனப்படும் இந்தத் திட்டு கேக்டஸ் குடும்பத்துக்கே உரிய அடையாளம். யூஃபோர்பியாவில் அது இருக்காது. பல வகைகளில் முட்கள் ஜோடி ஜோடியாகத் தண்டின் விளிம்பில் நிற்கும். முள்ளே இல்லாத வகை என்றால், கையுறை போட்டு, முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு, ஊசியால் லேசாகக் குத்திப் பாருங்கள். (மாமிலேரியா என்ற கேக்டஸில் சில வகைகளுக்கும் பால் உண்டு. அதனால் பாலை மட்டும் நம்பாமல் திட்டையும் பார்ப்பது நல்லது.)

கற்றாழையிலும் இதே குழப்பம். ஆனைக்கற்றாழை எனப்படும் அகேவ், பார்க்கச் சோற்றுக்கற்றாழை மாதிரியே இருக்கும். இலையை வெட்டினால் வித்தியாசம் தெரிந்துவிடும்: சோற்றுக்கற்றாழையில் வழவழப்பான சோறு, அகேவில் நார் நாராக வரும். ஃபேஸ் பேக் போடுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அகேவின் சாறு தோலை அரித்துவிடும்.

வீட்டில் நாய், பூனை இருக்கிறதா? கொத்துக் கொத்தாகப் பூக்கும் கலஞ்சோ செடியை எட்டாத உயரத்தில் வையுங்கள். இதயத்தைப் பாதிக்கும் நச்சு அதில் உண்டு.

'வாரம் ஒரு ஸ்பூன் தண்ணி' சரியா?

கடையில் சொல்லும் இந்த ஃபார்முலா எல்லாச் செடிக்கும் பொருந்தாது. அடினியம் கோடை வெயிலில் நன்றாகவே தண்ணீர் குடிக்கும். ஹவோர்த்தியாவுக்கு உச்சி வெயில் ஆகாது. ரோஜாப்பூ வடிவில் இலை அடுக்கியிருக்கும் எச்செவேரியாதான் சென்னைவாசிகளை அதிகம் அழவைப்பது. அது பெரும்பாலும் மெக்சிகோ மலைப்பகுதிச் செடி. இந்த வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுக்கும். ராத்திரி குளிர்ச்சியாக இருந்தால் அதற்கு வசதி. மே மாதச் சென்னையில் ராத்திரியும் வெக்கை அடங்காதே! ஊட்டியிலும் பெங்களூரிலும் செழிக்கும் செடி இங்கே திணறுவது அதனால்தான். அதையே வெளிச்சம் இல்லாத ஷெல்ஃபில் வைத்தால் தண்டு நீண்டுகொண்டே போகும். 'வளருது' என்று பலரும் சந்தோஷப்படுவார்கள். செடி வெளிச்சத்தைத் தேடி ஓடிக்கொண்டிருக்கும்.

இலை சுருங்கினால் பெரும்பாலும் தாகம். கண்ணாடிபோல மாறி, தொட்டால் கொழகொழவென இருந்தால் வேர் அழுகல். அதற்குமேல் தண்ணீர் ஊற்றுவது கொலைக்குச் சமம். அடியில் துளை இல்லாத பீங்கான் கப்பில் வந்த செடியை முதல் நாளே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் பால்கனி ஓரத்திலிருந்து உள்ளே இழுத்துவையுங்கள்.

சென்னை வெக்கைக்குப் பழகிய ஒன்று வேண்டுமென்றால் ஸ்நேக் பிளான்ட் வாங்கலாம். அதன் சொந்தக்காரச் செடியான மருள், நம்ம கடற்கரை ஓரங்களில் யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே வளர்ந்துகொண்டிருக்கிறது.