உட்கார ஒரு ஸ்டூல்

"காலையில எழுந்து முதல் அடி வைக்கிறப்பதான் சார் உயிர் போகுது. நாலு எட்டு நடந்தா குறைஞ்சிடுது."

இதைக் கேட்டாலே, காலைத் தொட்டுப் பார்க்குமுன், "எந்தக் கடையிலம்மா வேலை?" என்று கேட்டுவிடுவேன். இருபது வருடத்துக்கு மேல் பிசியோதெரபி பார்த்து வந்த பழக்கம். துணிக்கடை, நகைக்கடை, ஓட்டல் அடுப்படி. பதில் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலில் தடித்த நார் ஒன்று ஓடுகிறது. பத்து மணி நேரம் டைல்ஸ் தரையில் நின்றால் அது புண்பட்டுப்போகும். இரவில் இறுகி, விடிந்ததும் சட்டென்று இழுபடுவதால்தான் அந்த முதல் அடி அப்படிக் குத்துகிறது. வாயு என்று சொல்லிப் பூண்டு தின்று மாதங்களைக் கழிக்காதீர்கள். கட்டிலை விட்டு இறங்குமுன் கால்விரல்களைக் கையால் பிடித்து உங்கள் பக்கமாக வளைத்து முப்பது எண்ணுங்கள், மூன்று தடவை. மாலையில் ஃப்ரிட்ஜ் தண்ணீர் பாட்டிலைப் பாதத்தடியில் வைத்து உருட்டுங்கள். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு போடுங்கள். சர்க்கரை வியாதி இருந்து பாதம் மரத்திருந்தால் மட்டும் பாட்டில் வேண்டாம்.

ஆனால், இவ்வளவும் செய்துவிட்டு மறுநாள் மறுபடி பத்து மணி நேரம் நின்றால் என்ன பயன்? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர் எல்லாருக்கும் இருக்கை போட்டிருக்க வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது அது. இது முதலாளி காட்டும் சலுகை இல்லை. மறுத்தால் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் ஒருத்தியைத் தனியாகப் பிடித்து மிரட்ட முடியாது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் சிகிச்சை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலேயே கிடைக்கும். பலருக்கு அந்த அட்டை எண்ணே தெரியவில்லை, கேட்டு வாங்குங்கள்.

குதிகாலைப் போலவே கடை வேலையில் அடிபடுவது இடுப்பு. துணி பண்டலைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். படுத்தே கிடக்காமல் மெல்ல நடமாடுவது நல்லது. ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, போவது தெரியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிருந்து அந்த நேரத்தைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்றும் மனசு ஆறவில்லை.

குதிகால் வலியோடு வந்த அந்தப் பெண் ஒரு மாதம் கழித்து வந்தாள். "ஸ்டூல் போட்டுட்டாங்க சார். கேமராவுல பார்ப்பாங்கன்னு யாருமே உட்கார்றதில்ல." நீ முதலில் உட்காரும்மா என்றேன்.