கண்ணாடியில் காய்ந்த பசை: சுரண்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்

மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பி கழன்றுவிட்டால் பல வீடுகளில் முதலில் தேடுவது பெவிக்விக் டியூபைத்தான். ஒரு சொட்டு போதும் என்று அழுத்தினால் மூன்று சொட்டு வரும். கீலில் விட்ட பசை பிரேம் விளிம்போடு ஊர்ந்து லென்ஸ்மேல் வந்து நிற்கும். பிறகு நகம், பிளேடு, நெயில் பாலிஷ் ரிமூவர், பற்பசை என்று ஒவ்வொன்றாகக் களம் இறங்கும். பசை செய்யும் சேதத்தைவிட, அதை எடுக்கிறேன் என்று நாம் செய்யும் சேதம்தான் பெரிது.

பவர் ஏறுமா?

பெரியவர்களுக்குப் பசைத் தழும்பால் பவர் ஏறாது. ஆனால் பார்வைக்கு நேராக மங்கல் இருந்தால், தலையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் படிப்போம். சாயங்காலத்துக்குள் கழுத்தும் நெற்றியும் வலிக்கும். இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் வெளிச்சம் அந்தத் தழும்பில் பட்டுச் சிதறிக் கண்ணைக் கூசவைக்கும். வண்டி ஓட்டுபவர்களுக்கு இது ஆபத்து.

சின்னக் குழந்தைகள் 'மங்கலாகத் தெரிகிறது' என்று சொல்ல மாட்டார்கள், பேசாமல் கழற்றி வைத்துவிடுவார்கள். சோம்பேறிக் கண்ணுக்காகக் கண்ணாடி போடும் குழந்தைக்கு அது சிகிச்சையே தடைபடுவதாகும்.

முதலில் லென்ஸைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடைக்காரர் 'பைபர்' என்று சொல்வது பெரும்பாலும் சி.ஆர்.39 என்ற பிளாஸ்டிக். 1940களில் அமெரிக்காவில் பிறந்தது. நெயில் பாலிஷ் ரிமூவரில் கலக்கும் அசிட்டோனை ஓரளவு தாங்கும். குழந்தைகளுக்கும், ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களுக்கும் பரிந்துரைக்கப்படுவது எளிதில் உடையாத பாலிகார்பனேட். இதில் அசிட்டோன் பட்டால் மேற்பரப்பு வெளுத்து, சிலந்தி வலை போல மயிரிழை விரிசல்கள் ஓடும். பார்வை கெடுவது ஒருபக்கம் இருக்க, எந்த வலுவுக்காக அந்த லென்ஸை வாங்கினோமோ அதுவும் குறைந்துவிடும். பிரேம் அசிடேட் வகையாக இருந்தால் அசிட்டோன் அதையும் கரைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும்.

எந்த லென்ஸ் என்று பில்லில் எழுதியிருக்கும். பில் இல்லையென்றால் பாலிகார்பனேட் என்றே வைத்துக்கொண்டு, அசிட்டோன் கலந்த ரிமூவரை எட்டத்தில் வையுங்கள். லென்ஸின் மேலே கீறல் தாங்கும் பூச்சு, கூச்சம் குறைக்கும் பூச்சு என்று மெல்லிய படலங்கள் இருக்கின்றன. பற்பசையும் சமையல் சோடாவும் தேய்ப்பது அவற்றைத்தான்.

எந்தப் பசைக்கு எது

குழந்தை ஒட்டிய ஸ்டிக்கரின் பிசுக்கு என்றால் கவலையே வேண்டாம். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் போட்டு அலசினால் போய்விடும். பள்ளிக்கூட வெள்ளைப் பசையும் வெதுவெதுப்பான நீரில் ஊறி உரிந்துவரும்.

கஷ்டம் கொடுப்பது பெவிக்விக் வகைதான். ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், லென்ஸ் முழுக்கப் பரவும். பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைத்தால் இன்னொரு வம்பு: இந்தப் பசை பருத்தியோடு சேர்ந்தால் சட்டென்று சூடேறி விரலைச் சுடக்கூடும். காயட்டும் என்று விடுங்கள்.

காய்ந்தபின் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர், அதில் சில சொட்டுப் பாத்திரத் திரவம் விட்டு, கண்ணாடியைப் போட்டு வையுங்கள். கொதிநீர் கூடாது, சூட்டில் பிளாஸ்டிக் ஒரு அளவு விரியும், பூச்சு வேறு அளவு விரியும், பூச்சு வெடிக்கும். சில மணி நேரம் ஊறியதும் பசையின் ஓரம் லேசாகத் தூக்கினால், விரல் நுனியால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். வரவில்லையா? மறுபடி ஊறட்டும். மேலே நீர் விரட்டும் பூச்சு உள்ள லென்ஸ்களில் பசையின் பிடி குறைவு. சில நேரம் முழுத் துண்டாகவே கழன்றுவரும். மிச்சம் இருக்கும் மங்கலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம்.

அப்படியும் பசை பூச்சைக் கவ்விப் பிடித்திருந்தால் கண்ணாடிக் கடையில் காட்டுங்கள். அது பார்வைக்கு நேராக இருந்தால் லென்ஸை மாற்றுவதே வழி. லென்ஸின் ஓரமாக இருந்தால் விட்டுவிடலாம் என்பேன்.

ஒட்டிய பின் வரும் வெண்மூட்டம்

பசை லென்ஸைத் தொடாமலே அதன்மேல் வெள்ளைப் படலம் படிவதுண்டு. காயும்போது கிளம்பும் ஆவி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து லென்ஸில் உறைவதால் வருவது அது. சென்னை, தூத்துக்குடி போன்ற ஈரக்காற்று ஊர்களில் இது கூடுதல். ஒட்டிய கையோடு கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் ஆவி வெளியேற இடமின்றி இன்னும் மோசமாகும். உண்மையில், கழன்ற கம்பிக்குத் தேவை பசையே அல்ல, ஒரு குட்டித் திருகாணி. அதைப் பல கடைகளில் காசு வாங்காமலே போட்டுத் தருகிறார்கள்.

பசை கண்ணில் பட்டுவிட்டால்

கண்ணாடியை முகத்தில் போட்டுக்கொண்டே பசை வைக்காதீர்கள். கண் சொட்டுமருந்து இருக்கும் இடத்தில் பசை டியூபையும் வைக்காதீர்கள். இரண்டும் கைக்கு ஒரே மாதிரி இருப்பதால், அவசரத்தில் மருந்தென்று நினைத்துப் பசையைக் கண்ணில் விட்டுக்கொள்பவர்கள் உண்டு. இதே குடும்பத்துப் பசையால் கண் மருத்துவர்கள் கருவிழியில் விழும் சிறு துளையை அடைக்கிறார்கள் என்பது வியப்பான செய்தி. ஆனால் வீட்டு விபத்தில் முக்கியமான ஆபத்து, காய்ந்த துண்டின் கூரான ஓரம் கருவிழியை உராய்ந்து கீறுவது.

பட்டுவிட்டால் உடனே சுத்தமான நீரை 15 நிமிடம் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணைக் கசக்கக் கூடாது. இமைகள் ஒட்டிக்கொண்டால் பிரித்து இழுக்கவோ, இமைமுடியைக் கத்தரிக்கவோ கூடாது. அசிட்டோனைக் கண்பக்கமே கொண்டுபோகாதீர்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய கண்மேல் வைத்துக்கொண்டு, அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். என்ன பசை என்று அவர் பார்க்க டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.